சமையல் வினைகளும் தமிழ் – கொரிய உறவுக் கோட்பாடும்: ஒரு மீள்பார்வை

முன்னுரை

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதி செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற இடம். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அத்தாப்புக் கூரை வீடுகள் நிறைந்த நகரை அழித்தன. அதன் பின்னர்ச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டடங்கள் எழ வேண்டுமென்ற நிலை உருவாயிற்று. கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கற்சூளை அமைத்தார். தமிழில் செங்கல்லைச் 'சுடுவது' என்கிறோம். அதே பகுதியின் உணவகங்களில் தோசையையும் சுடுகிறார்கள். கொரிய மொழியிலும் செங்கல்லுக்கும் மீனுக்கும் வினைச்சொல் ஒன்றே. இதனை அறியும் தமிழ் மாணவர், 'தமிழைப் போலவே இருக்கிறதே' என்று வியப்பது இயல்பு.

இவ்வியப்பு இன்று நம்மிடையே பரவலாகக் காணப்படுகிறது. 1982இல் அறிவிக்கப்பட்ட கிழக்கு நோக்கும் கொள்கை கொரியாவின்பால் மலேசியரின் கவனத்தைத் திருப்பியது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழி, மொழியியல் புலத்தில் கொரிய மொழி கற்பிக்கப்படுகிறது. 2003ஆம், 2004ஆம் ஆண்டுகளில் கொரியாவில் ஒளிபரப்பான, அரண்மனைச் சமையற்பெண் ஒருத்தியை நாயகியாகக் கொண்ட 'தே சாங் கும்' என்னும் தொடரும், அதன்பின் வந்த தொடர்களும் கொரிய உணவின் பெயர்களை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தன. கூடவே, 'அப்பா என்பது கொரியத்திலும் அப்பா. புல் என்பது அங்கும் புல். ஆகவே தமிழும் கொரியமும் உறவுமொழிகள்' என்னும் கூற்றும் மேடைகளிலும் வகுப்பறைகளிலும் ஒலிக்கத் தொடங்கியது.

இக்கூற்று எவ்வாறு தோன்றியது, அது எவ்வளவு உறுதியானது என்பதைச் சமையல் வினைச்சொற்களைக் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். கொரியச் சொற்களின் ஒலியைத் தமிழ் எழுத்தில் முழுமையாகக் காட்ட இயலாது. அகராதியில் வினைகளின் இறுதியில் நிற்கும் 'தா' என்னும் ஈற்றை நீக்கி, வேர்ப்பகுதி மட்டும் அண்ணளவாக இங்குத் தரப்படுகிறது.

உறவுக் கோட்பாட்டின் வரலாறு

இக்கோட்பாடு தமிழர் படைத்ததன்று. ஐரோப்பிய, அமெரிக்கச் சமயப் பணியாளர்களிடமிருந்து வந்தது. 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் திராவிட மொழிகளைச் 'சித்தியம்' எனப்பட்ட ஒரு பெருங்குடும்பத்தோடு இணைத்துக் காண முயன்றார். துருக்கியம் முதலான பல வடபுல மொழிகளை அக்காலத்தார் அப்பெயரால் குறித்தனர். 1874இல் கொரியத் திருச்சபையின் வரலாற்றை எழுதிய பிரெஞ்சுக் குரு தாலே, கொரிய இலக்கணத்திற்கும் திராவிட மொழிகளின் இலக்கணத்திற்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். 1886இல் கொரியாவுக்குக் கற்பிக்கச் சென்ற அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட், 1905இல் சியோலில் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிடும் தனி நூலையே வெளியிட்டார். பின்னர் 1984இல் கிளிப்பிங்கர் என்பார் நானூற்றுக்கும் மேற்பட்ட சொல்லிணைகளைத் தொகுத்து, இப்பழைய கோட்பாட்டுக்குச் சொல்வழிச் சான்று தேட முயன்றார்.

இவர்களுள் எவரும் பொய்யுரைத்தவர் அல்லர். கால்டுவெல்லின் காலத்தில் திராவிட வேர்ச்சொல் அகராதி இல்லை. பர்ரோவும் எமனோவும் தொகுத்த அவ்வகராதி 1961இல்தான் முதலில் வெளிவந்தது. திருத்திய பதிப்பு 1984இல் வந்தது. ஆகவே ஹல்பர்ட் போன்றோர், எந்தச் சொல் எந்தத் திராவிட மொழியில் எவ்வடிவில் உள்ளது என்னும் முழுத் தொகுப்பு இல்லாமலே ஒப்பிட நேர்ந்தது. கொரியத் தரப்பிலும் இடர் உண்டு. கொரிய மொழியின் ஒலியைத் தெளிவாகக் காட்டும் எழுத்து 1443இல் உருவாக்கப்பட்டு 1446இல் வெளியிடப்பட்டது. அதற்கு முற்பட்ட கொரியம் சீன எழுத்துகளின் வழியே குறைவாகவே கிடைக்கிறது. தமிழுக்கோ ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று உண்டு. இருமொழிகளின் சான்றுகளுக்கிடையே உள்ள இக்கால இடைவெளியை மறந்து இன்றைய வடிவங்களை மட்டும் அருகருகே வைப்பதால்தான் பிழை தொடங்குகிறது.

இதனோடு ஒரு புராணச் செய்தியும் சேர்ந்துகொண்டது. 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'சம்குக் யூசா' என்னும் கொரிய நூல், கி.பி. 48இல் 'அயுத்தா' என்னும் நாட்டிலிருந்து கடல்வழி வந்த இளவரசி ஒருத்தி சுரோ மன்னனை மணந்ததாகக் கூறுகிறது. அந்நாடு வடநாட்டு அயோத்தி என்பர் சிலர். 2001இல் அங்கு நினைவுச் சின்னமும் எழுப்பப்பட்டது. தமிழகத்துக்கு உரியவள் என்பர் வேறு சிலர். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி இருப்பதால், இதனை மொழியுறவுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

ஏன் சமையல் வினைகள்?

உறவை அளக்க எல்லாச் சொற்களும் ஒரே தகுதி உடையவை அல்ல. 'அப்பா', 'அம்மா' முதலியவை குழந்தை முதலில் எழுப்பும் இதழொலிகளிலிருந்து பிறப்பவை. மர்டாக் தொகுத்த 1072 பெற்றோர்ப் பெயர்களை அடிப்படையாகக் கொண்டு, தொடர்பே இல்லாத மொழிகளிலும் இவை ஒத்திருப்பதன் காரணத்தை ரோமன் யாக்கோப்சன் 1960இல் விளக்கினார். எனவே கொரியக் குழந்தையும் தமிழ்க் குழந்தையும் தந்தையை 'அப்பா' என அழைப்பது குழந்தை மொழியின் பொதுமையைக் காட்டுமே அன்றி, குருதி உறவைக் காட்டாது.

பொருட்பெயர்களும் நம்பத்தக்க சான்றல்ல. அவை பொருளோடு சேர்ந்து பயணம் செய்பவை. கறி, அப்பம், புட்டு ஆகியவை மலாய்க்காரர் வாயிலும் வழங்குகின்றன. நாசி லெமாக், சம்பல், மீ கோரெங் ஆகியவை கிள்ளான் தமிழர் வாயில் வழங்குகின்றன. இதனால் மலாயும் தமிழும் ஒரு குடும்பம் என எவரும் கூறுவதில்லை.

வினைச்சொற்களின் நிலை வேறு. ஒரு மொழி அயல்வினையை நேரே ஏற்பது அரிது. தமிழ் அயல்வினையை ஏற்கும்போது அதற்குப் 'பண்ணு' என்னும் துணையைச் சேர்த்தே ஏற்கிறது; 'பிரை பண்ணு' என்பது அவ்வகை. 'பிரைக்கிறாள்' என எவரும் கூறுவதில்லை. மலாய்க்காரரும் கறியை ஏற்றனர். ஆயினும் ரெபுஸ், கோரெங், கூக்குஸ் என்னும் தம் வினைகளாலேயே உணவைச் சமைக்கின்றனர். அதனால் அன்றாடச் சமையல் வினைகள் மொழியின் தொன்மையைக் காக்கும் சொற்களுள் அடங்கும் எனலாம். தமிழும் கொரியமும் உண்மையில் ஒரு தாய்வயிற்று மொழிகளாயின், தீயில் இடுதலும் நீரில் அவித்தலும் ஆகிய மூத்த செயல்களின் பெயர்களில் அதன் தடயம் இருத்தல் வேண்டும்.

தமிழ்ச் சமையல் வினைகளின் வரலாறு

ஒப்பிடுவதற்கு முன்னர் நம் வினைகளின் வரலாற்றை அறிதல் தேவை. இன்று நாம் 'சமை' என்பதைப் பொதுவினையாக வழங்குகிறோம். சங்க காலத்தில் அவ்விடத்தில் நின்ற வினை 'அடு' என்பதாகும். கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167ஆம் பாடலில் புதுமணப் பெண் புளிக்குழம்பு சமைக்கும் காட்சி, பிசைதல், துழத்தல், அடுதல் என்னும் மூன்று வினைகளால் நகர்கிறது. தாளிப்பின் புகையைக் 'குய்' என்னும் சொல் குறிக்கிறது. பொருநராற்றுப்படையில் வெந்த இறைச்சி 'வேவை' எனப்படுகிறது. கம்பியில் கோத்த இறைச்சிக்குச் 'சுடு' என்னும் வினையே வருகிறது. சிறுபாணாற்றுப்படை வீமனின் மடைநூல் முறைப்படி ஆக்கிய உணவை 'அடிசில்' என்கிறது.

'அடு' என்னும் வினை பேச்சுத் தமிழில் மறைந்துவிட்டது. ஆயினும் அதன் குடும்பம் மறையவில்லை. அடுப்பு, அடுக்களை, அட்டில் ஆகியவை அதன் வழியே வந்தவை. கன்னடத்தில் 'அடுகெ' என்பது இன்றும் சமையலைக் குறிக்கும். மலையாளத்தில் 'அடுக்கள' இன்றும் சமையலறை. ஒரு வினை ஒரு மொழியில் இறந்தாலும் இனமொழியில் உயிரோடிருப்பது உறவின் இயல்பான அடையாளம்.

இனமொழிகளுக்கிடையே வேறோர் அடையாளமும் உண்டு. தமிழில் சொல்முதலில் வரும் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும். பால் – ஹாலு, புளி – ஹுளி, பூ – ஹூ என்பன காண்க. அதே ஒழுங்கில் தமிழ்ப் 'பொரி' கன்னடத்தில் 'ஹுரி' ஆகும். தமிழில் சொல்முதல் வகரம் கன்னடத்தில் அழுத்தமான பகரமாகும். வா – பா, வேர் – பேரு, வில் – பில்லு. அதே ஒழுங்கில் 'வே' என்பது 'பே' ஆகும். 'பொரி'யையும் 'ஹுரி'யையும் செவியால் மட்டும் கேட்பவர் அவற்றை ஒன்றெனக் கூறமாட்டார். ஆயினும் அவை ஒரே சொல். உறவு ஒலியின் ஒப்பில் இல்லை. மாற்றத்தின் ஒழுங்கில் இருக்கிறது. ஒப்பியல் மொழியியலின் அடிப்படைப் பாடம் இதுவே.

கொரிய வினைகளோடு ஒப்பீடு

கொரியத்தில் சுடுவதற்குக் 'குப்', நீரில் அவிப்பதற்குச் 'சல்ம்', ஆவியில் வேகவைப்பதற்குச் 'ச்சி', வறுக்கவும் வதக்கவும் 'பொக்', எண்ணெயில் பொரிப்பதற்குத் 'துவிகி', கொதிப்பதற்குக் 'குல்' என்பன அடிப்படை வினைகள். இவற்றுக்கு நேராகச் சுடு, அவி, வே, வறு, வதக்கு, பொரி, கொதி என்னும் தமிழ் வினைகளை நிறுத்தினால், ஓர் ஒழுங்கான ஒலிமாற்றத்தையும் காண இயலவில்லை. 'பொக்'கும் 'பொரி'யும் முதலசையில் ஒத்தொலிப்பதாக ஒருவர் கூறலாம். அவ்வாறாயின் தமிழ்ப் பகரத்துக்கு நேராகக் கொரியப் பகரம் பிற சொற்களிலும் வர வேண்டும். தமிழ் ரகரம் இடையில் ககரமாகும் வேறு சான்றுகளும் வேண்டும். அவை கிட்டும் வரை அது தற்செயல் ஒப்பே.

பழைய வடிவங்களை நோக்கும்போது நிலைமை இன்னும் தெளிவாகிறது. கொதித்தலைக் குறிக்கும் கொரிய வினை இன்று இறுக்கமான ககரத்தில் தொடங்குகிறது. 15ஆம் நூற்றாண்டு நூல்களில் அது இறுக்கமற்ற ககரத்தோடும் இறுதியில் ஹகரத்தோடும் காணப்படுகிறது. மேடைகளில் பெரிதும் பேசப்படும் 'புல்' என்னும் சொல்லும் இத்தகையதே. இன்றைய கொரியத்தில் அது உகரத்தோடு ஒலிக்கிறது. 15ஆம் நூற்றாண்டிலோ அதன் உயிர், நம் குற்றியலுகரத்தைப் போன்ற இதழ்குவியா ஒலியாக இருந்தது. இதழொலிகளின் அண்மையால் அது பிற்காலத்தில் குவிந்தது. பின்னோக்கிச் செல்லச் செல்ல உறவுமொழிகள் நெருங்க வேண்டும். இங்கோ பின்னோக்கிச் செல்லும்போது அவை விலகுகின்றன. இரு சொற்களின் ஒற்றுமை பழமையானதன்று, அண்மையில் நேர்ந்தது என்பதே இதன் பொருள்.

இனி, செங்கல்லும் மீனும் ஒரே வினையால் சுடப்படுதல் என்னும் முதற்சான்றுக்கு வருவோம். மலாயில் 'ஈக்கான் பாக்கார்' சுட்ட மீன். 'பாத்தா பாக்கார்' சுட்ட செங்கல். தமிழோடும் கொரியத்தோடும் குடும்ப உறவில்லாத மலாயும் அவ்வாறே கூறுகிறது. ஈரத்தைப் போக்கி நெருப்பால் இறுகச் செய்யும் செயலை மனிதர் எங்கும் ஒன்றாகவே காண்கின்றனர். இது உலகியலின் ஒற்றுமை. மொழியுறவின் ஒற்றுமை அன்று.

பொருளெல்லைகளை நுணுகி நோக்கினால் வேற்றுமையே மிகுதி. தமிழில் தோசையையும் சுடுவோம். எண்ணெயில் இட்டு எடுக்கும் வடையையும் பணியாரத்தையும் சுடுவோம். இப்பழக்கத்தோடு கொரியம் கற்பவர், தோசையை ஒத்த 'பாஜொன்' என்னும் மாவுணவுக்கும் 'குப்' என்னும் வினையையே இடுவார். கொரியர் அதனை ஏற்கமாட்டார். மாவைத் தட்டையாக ஊற்றி எண்ணெயில் இடுவதற்கு அவர்களிடம் 'புச்சி' என்னும் தனிவினை உண்டு. கீரையை மசாலாவோடு விரல்களால் கலப்பதற்கு 'முச்சி' என ஒரு வினை உண்டு. அதற்கு நிகராகத் தமிழ் மாணவர் 'கலக்கு' என்றோ 'மிக்ஸ் பண்ணு' என்றோ கூறுவார். உண்மையில் பாட்டிமார் வழங்கும் 'பிசிறு' என்னும் வினையே அதற்கு மிக அணுக்கமானது.

ஒற்றுமை எங்கே உள்ளது?

இவ்வாறு கூறுவதனால் தமிழ் மாணவர் உணரும் நெருக்கம் பொய்யென்று ஆகாது. அது உண்மையானது, ஆனால் சொல்லில் இல்லை, அமைப்பில் உள்ளது.

தமிழில் உருகு – உருக்கு, வதங்கு – வதக்கு, காய் – காய்ச்சு எனத் தன்வினையும் பிறவினையும் இணையாக வரும். வி, பி விகுதிகளால் பிறவினை ஆக்கும் முறையை நன்னூலும் கூறுகிறது. கொரியத்திலும் 'நொக்' என்பது உருகுதல், 'நொகி' என்பது உருக்குதல். 'குல்' என்பது கொதித்தல், 'குரி' என்பது கொதிக்கவைத்தல். இரு மொழிகளிலும் வினை தொடரின் இறுதியில் நிற்கும். 'நறுக்கி, வதக்கி, நீர் ஊற்றி' என எச்சங்களை அடுக்கிச் சமையற்குறிப்பு எழுதும் முறையும் ஒன்றே. துணைவினைகளில் இவ்வொப்புமை வியப்பூட்டும். 'தின்று பார்' என்னும் தமிழ்த் தொடரில் 'பார்' முயற்சியைக் குறிக்கிறது. கொரியத்திலும் 'மொகொ பொதா' என்பதில் பார்த்தலைக் குறிக்கும் வினையே முயற்சியைக் குறிக்கிறது. 'செய்து வை' என்பதற்கும் வைத்தற்பொருள் வினையே அங்குத் துணையாகிறது.

ஆயின் இவையும் இவ்விரு மொழிகளுக்கு மட்டும் உரியன அல்ல. துருக்கியத்தில் 'பிஷ்' வேதல், 'பிஷிர்' வேகவைத்தல். ஜப்பானியத்தில் 'யகெரு' சுடப்படுதல், 'யகு' சுடுதல். 'தாபெதெ மிரு' என்பது தின்று பார்த்தல். 1976இல் மசிக்கா என்னும் அறிஞர் தெற்காசிய மொழிப்பரப்பை ஆராய்ந்தபோது, வினை இறுதியில் நிற்றல், பிறவினை ஆக்கம், எச்ச அடுக்கு போன்ற கூறுகள் பல நடு ஆசியாவின் வழியே கொரியம், ஜப்பானியம் வரை பரந்திருப்பதைக் காட்டினார். ஒரே குடும்பத்தைச் சாராத மொழிகளும் ஒரே வார்ப்பில் அமையலாம் என்பது இதனால் பெறப்படும். கொரியம் நமக்கு எளிதாக வருவதற்குக் காரணம் இவ்வார்ப்பே.

அடுக்களையிலிருந்தே இதற்கு ஓர் ஒப்புமை கூறலாம். தமிழர் குழம்பும் கொரியர் கிம்ச்சியும் சிவந்திருக்கின்றன. இதனைப் பழைய உறவின் அடையாளமாகக் கொள்வது தவறு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பசின் கடற்பயணத்திற்குப் பின்னரே அது ஆசியாவை அடைந்தது. இரு சமூகங்களும் அதனைத் தனித்தனியே ஏற்றன. நாம் மிளகின் பெயரோடு காயைச் சேர்த்துப் பெயரிட்டோம். நிறம் ஒன்றாயினும் வரலாறு வேறு.

தமிழாசிரியருக்கு இதனால் பயன் என்ன?

இப்பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்கு இவ்வகையில் ஒரு மரபு உண்டு. தனிநாயக அடிகள் இத்துறையின் தலைவராக விளங்கிய காலத்தில், 1966இல், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. அதே ஆண்டில், 1679இல் அச்சான புரோயென்சாவின் தமிழ் – போர்ச்சுக்கீசிய அகராதியின் மறுபதிப்பை இத்துறை வெளியிட்டது. தமிழின் உலகத் தொடர்புகளை அடிகளார் பெரிதும் போற்றினார். அத்தொடர்புகளை ஆவணங்களின் மேல் நிறுத்தினார். ஆண்டு குறித்த ஓர் அகராதி, ஆண்டு குறியாத நூறு ஒலியொப்புகளை விட வலிமை மிக்கது என்பதை அம்மறுபதிப்பு உணர்த்துகிறது. உறுதியற்ற கூற்றுகளை நாம் மாணவருக்கு உறுதியாகச் சொன்னால், தமிழின் தொன்மைக்கு உள்ள உறுதியான சான்றுகளின் மீதும் பிறர் ஐயுற நேரும். நம் மாணவர் பிற துறையினரின் முன் நின்று வாதிடும்போது அவ்விழப்பு அவர்களையே சாரும்.

மறுபுறம், கொரியச் சமையல் வினைகளைக் கற்பது தமிழ் வகுப்புக்குச் சிறந்த பயிற்சியாகும். கொரியத்தில் சோறு சமைப்பதற்கு உரிய வினை, வீடு கட்டுவதற்கும் கவிதை இயற்றுவதற்கும் உரியது. இதனை அறியும் மாணவரிடம், நாம் ஏன் சோற்றை 'ஆக்குகிறோம்', ஏன் 'வடிக்கிறோம்' என்று கேட்கலாம். தோட்டத்து லயன் வீடுகளின் விறகடுப்பில் கஞ்சி வடித்த காலம் போய், மின்சோற்றுப் பானை வந்துவிட்டது. வடிக்கப்படாத சோற்றையும் 'வடித்தாயிற்றா' என்று கேட்கும் வீடுகள் உண்டு. செயல் மறைந்த பின்னும் வினை நிற்கும் இவ்வரலாறு மாணவரின் வீட்டிலேயே இருக்கிறது. அதே வீட்டில் வறு, வதக்கு, பொரி, வாட்டு என்னும் நான்கின் இடத்தையும் 'பிரை பண்ணு' என்னும் ஒன்று பிடித்துவருகிறது. புச்சியையும் பொக்கையும் துவிகியையும் வேறுபடுத்தக் கற்கும் மாணவர், தம் மொழியின் வேறுபாடுகளையும் மீண்டும் எண்ணிப் பார்ப்பார்.

முடிவுரை

தமிழும் கொரியமும் ஒரு குடும்பம் என்பதற்குச் சமையல் வினைகள் சான்று தரவில்லை. 'பொரி'க்கும் 'ஹுரி'க்கும் உள்ளது போன்ற ஒலி ஒழுங்கு அவற்றுக்கிடையே காணப்படவில்லை. கிடைக்கும் ஒப்புகள் குழந்தை மொழியாலோ தற்செயலாலோ மனிதப் பொதுமையாலோ விளைந்தவை. இலக்கண வார்ப்பில் உள்ள ஒப்புமை உண்மையானது. அது ஆசியாவின் பெரும்பரப்பில் பல மொழிகளுக்கும் பொதுவானது. உறவின்மையைக் கூறுவதனால் தமிழின் பெருமை குறையாது. அயலாரின் அடுக்களையை அவர்களின் சொற்களாலேயே அறிந்துகொள்ள, அவர்கள் நம் உறவினராக இருக்க வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்சில் தோசை சுடுவோர் வீட்டுப் பிள்ளை கொரியம் கற்கும்போது, ஒத்திருப்பதை ஏன் ஒத்திருக்கிறது என்று வினவக் கற்பானாயின், அவனுக்கு நாம் கற்பித்த தமிழ் பயன் தந்தது எனக் கொள்ளலாம்.